பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் தாள்: மும்பைத் தமிழ்ச் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா பகுதிகளில் உள்ள ஊர்ச் சங்கங்கள், சமுதாயச் சங்கங்கள், கோவில் கமிட்டிகளின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள்.

மதிப்பிற்குரிய பெரியவர்களே, வணக்கம்.

கணவன் அடித்தான் என்று நம் பக்கத்துப் பெண் ஒருத்தி ரூமை விட்டு வெளியே வந்தால், அவள் போலீஸ் சௌக்கிக்கு முன்னால் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் உங்கள் சங்க அலுவலகம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதும் இதற்கு ஒத்துப் போகிறது. உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் சொந்தக்காரர்களிடம் போனார்கள். போலீசுக்குப் போனவர்கள் சொற்பம். பிறந்த வீடு திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருக்கும்போது, மும்பையில் அந்தச் சொந்தக்கார இடத்தில் இருப்பது நீங்கள்.

உங்களைத் திட்டுவதற்கு இந்த மடலை எழுதவில்லை. பஞ்சாயத்தே கூடாது என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை; அந்தப் பெண்களுமே கேட்க மாட்டார்கள். நாங்கள் சொல்ல வருவது இதைத்தான்: குடும்ப வன்முறை வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் பத்து நாளில் கிடைக்கும் காகிதங்களால். அந்தப் பத்து நாள் உங்கள் கையில் இருக்கிறது. அதை நீங்கள் செலவழிக்கிற விதத்தில்தான் சட்டம் அவளுக்குப் பயன்படாமல் போகிறது.

முதலில் அந்த முத்திரைத்தாள். "இனி இருவரும் ஒற்றுமையாக வாழ்வோம், பழைய விஷயங்களைக் கிளற மாட்டோம், மேற்கொண்டு போலீஸ் நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டேன்" என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, நான்கு சாட்சி போட்டு பீரோவில் வைத்துவிடுகிறீர்கள். சட்டத்தின் முன் அந்த வாக்குறுதி செல்லாது. நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 28வது பிரிவே சொல்கிறது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 85வது பிரிவு, இருவரும் பேசி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் கிடையாது. எஃப்.ஐ.ஆர். விழுந்த பிறகு அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

செல்லாத தாள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், அது செய்யும் கெடுதல் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த முறை அவள் அடிபட்டு ஸ்டேஷனுக்குப் போகும்போது அவன் அந்தத் தாளை எடுத்து நீட்டுவான். டியூட்டியில் இருப்பவர் "உங்க சமாஜ்லயே முடிச்சுட்டீங்களே" என்று ஒரு என்.சி. (போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்ற பதிவு) எழுதி அனுப்பிவிடுவார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதே தாளைக் காட்டி, "இந்தத் தேதி வரை நடந்தது எதுவும் பிரச்சினை இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று கேட்பார். ஆறு வருட அடியை நீங்கள் ஒரு பத்தியில் துடைத்துக் கொடுத்திருப்பீர்கள். அந்தத் தாளில் அவன் அடித்தான் என்ற வாக்கியம் பெரும்பாலும் இருக்காது. "கருத்து வேறுபாடு" என்று இருக்கும். "இரு தரப்பிலும் தவறு" என்று இருக்கும்.

அதே மேசையில், அதே பேனாவில் வேறு மாதிரி எழுதினால் உங்கள் மினிட்ஸ் புத்தகம் அவளுக்குக் கிடைக்கக்கூடிய வலுவான சாட்சிகளில் ஒன்றாகிவிடும். குற்றம் செய்தவன் போலீசிடம் ஒப்புக்கொண்டதை அவனுக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. வெளியாள் முன்னால், யாரும் மிரட்டாமல், அவனாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளும். பஞ்சாயத்தில் பத்துப் பேர் முன்னால் "ஆமா, கைய நீட்டிட்டேன், குடிச்சிருந்தேன்" என்று அவன் சொல்வது அன்றாடம் நடப்பதுதான். அதை யாரும் எழுதுவதில்லை.

எழுதுங்கள். தேதி, கூட்டம் தொடங்கிய நேரம், வந்திருந்தவர்கள் பெயர். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே: எந்தத் தேதி, எத்தனை மணி, எதைக் கொண்டு அடித்தான், உடம்பில் எந்த இடத்தில், அப்போது யார் இருந்தார்கள். தேதி நினைவில்லை என்றால் "ஆடி மாசக் கொடைக்கு முந்தின வாரம்" என்று அவள் சொன்னபடியே எழுதலாம், குற்றமில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்த காயம்: இடது கண்ணுக்குக் கீழ் வீக்கம், வலது முன்கையில் கன்றிய தழும்பு. அவன் எதை ஒப்புக்கொண்டான், எதை மறுத்தான் என்பது தனித்தனியாக. அடியில் அவன் கையெழுத்து. போட மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதி மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்கு எண் இருக்கட்டும். நடுவில் தாள் கிழித்த புத்தகம் பயன்படாது. ஒரு நகல் அன்றைக்கே அவள் கையில். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவனை நான்கு பேர் பிடித்து வைத்து, கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவோம் என்று வாங்கினால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை. பிறகு சம்மன் வந்தால் எழுதியவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். இதைத்தான் நீங்கள் தவிர்க்கப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. பெண் காலையில் வந்தால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வைக்கிறீர்கள். அதற்குள் வீக்கம் வடிந்துவிடும். அவள் வந்த உடனே, பஞ்சாயத்துப் பேச்சை எடுப்பதற்கு முன்னால், ஒரு பெண் துணையோடு சயான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புங்கள். கணவனோ மாமியாரோ கூடப் போகக் கூடாது. அவர்கள் பக்கத்தில் நின்றால் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் அவள் சொல்வாள். கேஸ் பேப்பரில் அதுவே ஏறும். அந்த ஒற்றை வரியை அடித்துத் திருத்த மூன்று வருடம் வாதாட வேண்டியிருக்கும். கணவன் அடித்ததாகச் சொல்கிறார் என்று டாக்டர் எழுத வேண்டும். காயத்தின் இடம், அளவு, நிறம் குறிக்க வேண்டும். எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு என்று பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் "அது எதுக்கு, ஒண்ணும் ஆகாது" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். சாதாரணக் காயமா கொடுங்காயமா என்பது அந்தப் படத்தில் இருக்கிறது. எலும்பு முறிந்தாலும், விலகினாலும், ஒரு பல் உடைந்தாலும்கூட அது சட்டத்தில் கொடுங்காயம். 15 நாள் கடுமையான வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் அப்படியே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. கன்னத்தில் அறைந்த பிறகு காது அடைத்தது போல இருக்கிறது என்றால் காது டாக்டரிடம் காட்டிக் கேட்கும் திறன் சோதனை எடுக்க வேண்டும். செவிப்பறை கிழிந்திருப்பது வெளியே தெரியாது. ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அதுவும் கொடுங்காயம்தான்.

போட்டோ எடுக்கும்போது முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நெருக்கத்தில் ஒன்று. கன்றல் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாக நிறம் ஏறும், அன்றைக்கும் எடுங்கள். மிரட்டல் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வேறொருவர் போனுக்கு ஃபார்வர்டு செய்து வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. எந்தக் கருவியில் பதிவானதோ அதைக் காட்டிச் சான்றிதழ் கொடுத்தால்தான் நீதிமன்றம் ஏற்கும்.

முனிசிபல் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் 'திலாசா' என்ற ஆலோசனை மையம் உண்டு. பாந்த்ராவின் பாபா ஆஸ்பத்திரியில் தொடங்கி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. வார்டிலிருந்தே அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். போலீஸ் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும் மகளிர் சிறப்புப் பிரிவு 1984ல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தால் இந்த மும்பையில்தான் தொடங்கியது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பெண்கள் அங்கே போய்ச் சேருவதற்கு இரண்டு மூன்று முத்திரைத்தாள் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, ஸ்டேஷன். "போலீசுக்குப் போனா பையன் வாழ்க்கை போச்சு" என்ற பயம் உங்களில் பலருக்கு உண்டு. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது. அதுவும் ஒரு 498ஏ வழக்கில்தான் சொன்னது. இப்போது வழக்கமாக நடப்பது நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்வது. புகார் கொடுத்த அன்றே தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது பழைய கதை. அதைச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீர்கள். அவனை மிரட்டவும் அதைப் பயன்படுத்தாதீர்கள், அவன் வக்கீலுக்கு இது தெரியும்.

ஸ்டேஷனில் நடக்கும் கோளாறு வேறு. அவள் தமிழில் சொல்வாள். கூடப் போன ஆள் தனக்குத் தெரிந்த இந்தியில் சுருக்கிச் சொல்வார். எழுதுபவர் அதை மராத்தியில் இன்னும் சுருக்குவார். குழவிக்கல்லால் அடித்தது, இஸ்திரிப் பெட்டியால் சுட்டது, "ரெண்டு லட்சம் வாங்கிட்டு வா" என்றது எல்லாம் வழியில் உதிர்ந்து, "வீட்டுத் தகராறில் கைகலப்பு" என்று தாளில் உட்காரும். கடைசியில் கிடைப்பது என்.சி. வெறும் கையால் அடித்த சாதாரணக் காயம், திட்டு, சாதாரண மிரட்டல் என்றால் சட்டப்படியே அது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அடித்தது ஆயுதத்தாலா, சூடான பொருளாலா, எலும்பு முறிந்ததா, பல் போனதா, பணம் நகை கேட்டுத் துன்புறுத்தினார்களா, தற்கொலை வரை தள்ளினார்களா என்ற விவரம் வந்தால்தான் அது எஃப்.ஐ.ஆர். ஆகும். வரதட்சணை கேட்கவில்லையே, எப்படி 498ஏ போடுவது என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அது சரியல்ல. பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உயிருக்கோ உடலுக்கோ மனதுக்கோ கடுமையான கேடு விளைவிக்கக்கூடிய நடத்தை தனியாகவே கொடுமைதான். அதற்கு வரதட்சணை தேவையில்லை.

எனவே ஸ்டேஷனுக்குப் போகும் முன் புகாரைத் தமிழில் எழுதி, மராத்தி நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரை வைத்து மொழிபெயர்த்து, இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால், எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இது சட்டத்தில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலுக்குப் பணம் கிடையாது. எல்லை எங்களுடையதல்ல என்றால், எல்லை பார்க்காமல் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். எழுத வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவில் உள்ளது. என்.சி.தான் கிடைத்தது என்றாலும் அந்த நகலைத் தொலைக்காதீர்கள். மூன்று என்.சி. வரிசையாக இருந்தால் அது தொடர்ந்து நடந்த கொடுமைக்கு ஆதாரம். 498ஏ புகாரை அவளோ, அவளுடைய ரத்த உறவோ, திருமண உறவோ, தத்து உறவோ கொடுத்தால்தான் போலீஸ் நேரடியாக எடுக்க முடியும்; சங்கத் தலைவர் என்ற முறையில் நீங்கள் கொடுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளராக, சாட்சியாகப் போகலாம்.

நான்காவதாக வருவதுதான் எங்கள் கணிப்பில் நம் பெண்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது, நீங்கள் அதிகம் பேசாதது. 2005ல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அவனை ஜெயிலுக்கு அனுப்பாமலே அவளுக்கு வேண்டியதை அதில் கேட்கலாம்: அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, ரூமில் தங்கும் உரிமை, மாதச் செலவு, குழந்தைகள், நஷ்டஈடு. பஞ்சாயத்தில் நீங்கள் வாயால் சொல்லிப் பார்ப்பதையே, மீறினால் தண்டனையோடு, ஒரு மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுப்பார். கல்யாணம் பதிவாகாத, சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் உண்டு. மகன் அடிக்கும் தாய்க்கும் உண்டு.

இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னால் அவர் குடும்ப வன்முறை அறிக்கையை எழுதுவார். மனு இரண்டாம் படிவத்தில். உடனடி உத்தரவு வேண்டும் என்றால் மூன்றாம் படிவத்தில் ஒரு பிரமாணப் பத்திரம். இந்த மூன்றாவதைத்தான் பல வக்கீல்கள் விட்டுவிடுகிறார்கள். அதை வைத்து 23வது பிரிவில் கேட்டால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு போடலாம். அதிகாரி லீவில் இருக்கிறார், மற்ற வேலை அதிகம் என்றால் காத்திருக்க வேண்டாம். அவருடைய அறிக்கை இல்லாமலே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவாக்கிவிட்டது. அவள் நேரடியாகவே மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100க்கு அழைக்கச் சொல்லுங்கள்; பெண்களுக்கு இலவசச் சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது.

சட்டம் எங்கே சறுக்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மனு போட்ட 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 12வது பிரிவு சொல்கிறது. நடப்பது வருடக் கணக்கு. பாதுகாப்பு அதிகாரிகள் போதாமல், பல மாநிலங்களில் வேறு வேலை பார்ப்பவர்களின் தலையிலேயே இந்தப் பொறுப்பையும் கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் அரசோடு போட வேண்டிய சண்டை. ஆனால் தாமதத்தில் ஒரு பெரிய பங்கு நோட்டீஸ் சேராததால் வருகிறது, அதில் நமக்கும் கை இருக்கிறது. ரூம் நம்பர் இருக்கும், சால் (வரிசைக் குடியிருப்பு) பெயர் இருக்காது. சொசைட்டி பெயர் இருக்கும், எந்தச் சந்து என்று தெரியாது. வந்தவர் கேட்டால் அக்கம்பக்கத்தில் நம் ஆட்கள் "அவன் ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிடுவார்கள். அவன் பின்னாலிருக்கும் காலாவில் (பட்டறையில்) தோல் வெட்டிக்கொண்டிருப்பான். மூன்று தேதி அப்படியே ஓடிப்போகும். அவன் வேலை செய்யும் இடம், முதலாளி பெயர், அடையாளம் எல்லாம் மனுவில் வரட்டும். நோட்டீஸ் கொண்டு வருபவரோடு சங்கத்து ஆள் ஒருவர் நடந்து போய்க் காட்டினால் ஆறு மாதம் மிச்சம். ஒரு பைசா செலவில்லை.

உத்தரவு கிடைத்தபின் நகலை இலவசமாக வாங்கி, ஸ்டேஷனில் ஒன்று கொடுத்து முத்திரை பெற வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். அவள் ஒருத்தியின் சாட்சியை வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். ஸ்டேஷனில் நகல் இல்லாவிட்டால் அன்றைக்கு ராத்திரி இந்தப் பலம் எதுவும் கைக்கு வராது.

மாதச் செலவு கேட்கும்போது அவன் "நான் தினக்கூலி, கிடைச்சா உண்டு" என்பான். இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொய்யை உடைக்க ஆதாரம் நம்மிடம் இருக்கும்: ஜிபே வரவு, சீட்டு நோட்டு, கொடை வரி கட்டிய ரசீது, பைக் லோன் தவணை. வருடத்துக்கு எவ்வளவு வரி கட்டுகிறான் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அடுத்து ரூம். "ரூம் மாமியார் பேர்ல இருக்கு, நீ வெளிய போ" என்று பஞ்சாயத்திலேயே தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யார் பெயரில் இருந்தாலும் சரி, வாடகை ரூமானாலும் சரி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17வது பிரிவில் உண்டு. கணவனின் உறவினர் பெயரில் உள்ள வீடும் சேர்ந்து வாழ்ந்த வீடாகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமியாரும் நாத்தனாரும்கூட எதிர்மனுதாரர் ஆகலாம் என்பது 2016 தீர்ப்பு. ரூமை விற்கக் கூடாது, உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் தடை கேட்கலாம். தாராவியில் மறுமேம்பாட்டு வேலை நடக்கிற இந்தக் காலத்தில் இதன் எடை இரட்டிப்பு. குடிசை மறுவாழ்வு விதிகளில் ஒப்பந்தம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று உள்ளது. கணக்கெடுக்க வருபவர்கள் முன் அவள் இல்லாமல், நீங்கள் நாகர்கோவில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால், அவள் இழப்பது சில மாத வாழ்க்கையை மட்டுமா?

"கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வரட்டும், எல்லாம் ஆறிரும்" என்பது உங்கள் தீர்ப்புகளிலேயே அதிகம் வருவது. உயிருக்கு ஆபத்து என்றால் போகத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் போகும்போது கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, பேங்க் பாஸ்புக், நகை ரசீது, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், என்.சி. நகல். ஊரிலிருந்தும் வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. தற்காலிகமாகத் தங்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமும் மனுப் போடலாம், அந்த உத்தரவு நாடு முழுவதும் செல்லும். 498ஏ புகாரையும், துரத்தப்பட்டு அடைக்கலம் புகுந்த இடத்திலேயே கொடுக்கலாம் என்று 2019ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

நகை பற்றிச் சுருக்கமாக. தகராறு வந்தபின் எத்தனை பவுன் என்று சத்தியம் வாங்குவதைவிட, கல்யாணத்தன்றே பட்டியல் எழுதுங்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இருவர் கையெழுத்து. 1985 முதலே இப்படி ஒரு விதி இருக்கிறது. பின்பற்றுபவர்களை விரல் விட்டு எண்ணலாம். சங்க மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு இதை நிபந்தனையாகவே வைக்கலாம், பதிவுச் சான்றையும் சேர்த்து. ஊரைக் கூட்டி அத்துவிட்டதாக எழுதும் தாள், அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமுதாயத்தில் தொன்றுதொட்டு இருப்பதாக நீதிமன்றத்தில் நிரூபிக்காதவரை, விவாகரத்து ஆகாது. அதை நம்பி அவன் இன்னொரு கல்யாணம் செய்தால் அது குற்றம், அதற்குத் துணை நின்றவர்கள் மேலும் கேள்வி வரும்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் பிரேதப் பரிசோதனையும் நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. "பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரலாம்" என்று அவசரப்படுத்தாதீர்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்க நம்மவர் யாரையாவது கூப்பிட்டால், கணவன் வீட்டு ஆளை அனுப்பாதீர்கள். அவள் சொன்னதைச் சொன்னபடி.

இனி, உங்களுக்கே பிடிக்காத ஒன்று. சங்கத்தைக் கேட்காமல் போலீசுக்குப் போனால் அபராதம், கோவில் வரி வாங்க மாட்டோம், நல்லது கெட்டதுக்கு வர மாட்டோம் என்ற கட்டுப்பாடு சில இடங்களில் எழுத்திலும், பல இடங்களில் வாய்மொழியாகவும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் 2016ல் நிறைவேறி, 2017ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்தது. சாதிப் பஞ்சாயத்துகளை மனதில் வைத்தே எழுதிய சட்டம். குற்றம் நிரூபணமானால் 3 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரில் வழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. மறுபக்கம், வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொல்பவர் மேல் வழக்குப் போட முடியாது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவு உங்களுக்குக் காப்புத் தருகிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வருகிற பொதுக்குழுவில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கித் தீர்மானம் போடுங்கள். குடும்பப் பஞ்சாயத்து என்றால் குறைந்தது இரண்டு பெண் உறுப்பினர் இல்லாமல் கூட்டம் கூடாது என்று விதியில் சேருங்கள். அவளைத் தனியாக, கணவன் வீட்டார் காதில் விழாத இடத்தில் வைத்து முதலில் கேட்பது அவர்கள் பொறுப்பு. போலீசுக்குப் போக மாட்டேன் என்ற வரியை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். ஏற்கனவே எழுதி பீரோவில் இருப்பவற்றின் நகலை அந்தந்தப் பெண்கள் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். அலுவலகச் சுவரில் நன்கொடையாளர் பட்டியலுக்குப் பக்கத்தில் 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி), 103 (மும்பை போலீசின் பெண்கள் உதவி), 15100 (இலவசச் சட்ட உதவி) என்ற நான்கு எண்களையும் தமிழில் எழுதி வையுங்கள். மினிட்ஸ் எழுதுவதற்கான மாதிரிப் பக்கமும், புகாருக்கான தமிழ்–மராத்தி மாதிரியும் தயாராக இருக்கிறது. செயலாளர்கள் யார் கேட்டாலும் கொண்டு வந்து தந்து, ஒரு மாலை உட்கார்ந்து எழுதியும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தாராவி, சயான் பகுதிகளில் குடும்ப வன்முறை வழக்குகளில் வேலை செய்யும் தமிழ் வழக்கறிஞர்கள், ஆலோசகர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்